அடிலெயிட் 1999: எல்லைக்கோட்டில் நின்ற தலைவர்

1999 ஜனவரி 23, அடிலெயிட் ஓவல். இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் முத்தையா முரளிதரன் தனது இரண்டாவது ஓவரை வீசிக்கொண்டிருந்தார். நான்காவது பந்து கையை விட்டதும், ஸ்குவெயார் லெக்கில் நின்ற நடுவர் ரோஸ் எமர்சன் ‘நோபோல்’ என்று கையை நீட்டினார். கால் கோட்டைத் தாண்டியதற்காக அல்ல. முரளி முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார், விதிப்படி வீசவில்லை என்பதற்காக.

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நேரே எமர்சனிடம் போனார். அவருடைய முகத்துக்கு நேரே விரலை நீட்டி நீட்டிப் பேசினார். பிறகு திரும்பித் தன் வீரர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார். கோட்டருகே வந்ததும் நின்றார். அதைத் தாண்டவில்லை. ஏறக்குறைய கால்மணி நேரம் ஆட்டம் நின்றது. அணி முகாமையாளர், போட்டி மத்தியஸ்தர் என்று பேச்சு நடந்தது. அதன்பின் இலங்கை அணி மைதானத்துக்குத் திரும்பியது. முரளி தொடர்ந்து வீசினார்.

விளையாட்டு வரலாற்றில் வாய் திறந்து பேசியவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலானோர் தங்களுக்காகப் பேசினார்கள். இந்தச் சம்பவத்தில் ஒருவர் இன்னொருவருக்காகப் பேசினார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாடசாலை அணித்தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்ப எடுப்பது இந்த ஒரு போட்டியைத்தான். பிள்ளைகளுக்கு அந்த விரல் பிடிக்கும். எனக்கு முக்கியம், அந்த விரலுக்கு முன்னும் பின்னும் நடந்தவை.

முன்கதை

நோபோல் அன்று வானத்திலிருந்து விழவில்லை. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ணில் நடந்த டெஸ்ட் போட்டியின் முதல் நாள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் முரளிக்கு ஏழு முறை நோபோல் கொடுத்தார். ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன். அந்த முனையிலிருந்து முரளி வீசிய ஓவர்களில் எறிந்ததாக ஒரு நோபோல்கூட இல்லை. ஒரே நாள், ஒரே கை, இரண்டு நடுவர்கள், இரண்டு தீர்ப்புகள்.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5ஆம் திகதி, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டி. இந்த முறை எமர்சன். அன்று முரளி தன் வழமையான ஓவ் ஸ்பின்னை விட்டு, மணிக்கட்டால் சுழற்றி எதிர்ப்பக்கம் திருப்பும் லெக் பிரேக் வீசியும் பார்த்தார். லெக் பிரேக்கை முழங்கையை உதறி எறிவது எவ்வளவு கடினம் என்பது பந்தைக் கையில் எடுத்தவருக்குத் தெரியும். அதற்கும் நோபோல். அப்போது நடுவர் பார்த்தது பந்தையா, ஆளையா என்ற கேள்வி எழுகிறது. இந்தச் சம்பவத்தின் மையக் கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டில் முரளியின் கையை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் ஆராய்ந்தார்கள். பிறப்பிலேயே அவருடைய முழங்கை முழுதாக நிமிராது. மணிக்கட்டும் தோளும் அசாதாரணமாகச் சுழலும். இரண்டும் சேரும்போது பார்ப்பவர் கண்ணுக்கு எறிவது போலத் தோன்றுகிறது என்பது முடிவு. சர்வதேசக் கிரிக்கெட் சபை அவரை விளையாட அனுமதித்தது.

ஆகவே 1999இல் அடிலெயிட் மைதானத்தில் அவர் பந்தை எடுத்தபோது அறிக்கை இருந்தது, அனுமதி இருந்தது, உலகக் கிண்ணம்கூட இருந்தது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில், அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று எடுத்த கிண்ணம். 1998 ஓகஸ்டில் லண்டன் ஓவலில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகளையும் எடுத்திருந்தார். அந்தப் போட்டியின்போதே இங்கிலாந்துப் பயிற்சியாளர் டேவிட் லொயிட் அவருடைய பந்துவீச்சைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லித் தன் நாட்டுக் கிரிக்கெட் சபையிடமே கண்டிக்கப்பட்டார். இவ்வளவும் இருந்தும் நடுவரின் கை மறுபடி நீண்டது.

கடதாசியில் தீர்ந்த விடயம் மைதானத்தில் தீரவில்லை. வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆணைக்குழுக்களுக்கு முன்னால் எத்தனை தடவை சாட்சி சொல்லியிருக்கிறோம், எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறோம்! அறிக்கை ஒன்று இருப்பது வேறு. அது மதிக்கப்பட வேண்டிய இடத்தில் அதை ஏந்திக்கொண்டு நிற்க ஒரு ஆள் இருப்பது வேறு. அடிலெயிட்டில் ரணதுங்க செய்தது அந்த இரண்டாவது வேலை.

நடுவர் பக்க நியாயம்

எமர்சனை வெறும் வில்லனாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் நடுவர் பயிற்சிக்கும் பிள்ளைகளை அனுப்புகிறவன். அப்படிச் சொல்ல மாட்டேன்.

அன்றைய விதியின்படி இரண்டு நடுவர்களில் எவராவது ஒருவருக்குப் பந்து முற்றிலும் நேர்மையாக வீசப்பட்டது என்ற திருப்தி இல்லாவிட்டால் நோபோல் கொடுக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் பந்துவீச்சாளருக்கு இல்லை. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கண்ணுக்கு எறிவதாகத் தெரிந்ததை ‘எறி’ என்று சொன்ன நடுவர் விதியை மீறவில்லை. பிஷன் சிங் பேடி போன்ற பெரிய சுழற்பந்துவீச்சாளரே முரளியின் கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. கண் அப்படித்தான் காட்டியது.

பிழை வேறிடத்தில் இருந்தது. கண்ணால் தீர்க்க முடியாத ஒன்றைக் கண்ணால் தீர்க்கும்படி விதி சொன்னது. ஆய்வுகூடம் தந்த முடிவை மைதான நடுவரோடு இணைக்கும் வழி எதுவும் அப்போது சரியாக இருக்கவில்லை. சபை ஒரு பக்கம் அனுமதித்தது, அதே சபையின் போட்டியில் நிற்கும் நடுவர் மறுபக்கம் தடுத்தார். இந்த இடைவெளிக்குள் இருபத்தாறு வயதுப் பந்துவீச்சாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

எமர்சன் அப்போது தன் அரச உத்தியோகத்தில் மன அழுத்தம் காரணமாக விடுப்பில் இருந்தவர் என்பது பிறகு வெளியே வந்தது. அதன்பின் அவர் சர்வதேசப் போட்டி எதிலும் நடுவராக நிற்கவில்லை. இந்தச் செய்தியை அவருக்கு எதிரான ஆயுதமாக நான் எடுப்பதில்லை. அப்படி ஒருவரை அந்தப் போட்டிக்கு, அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பந்துவீச்சாளரோடு பிரச்சினைப்பட்ட ஒருவரை, நியமித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ரணதுங்கவின் கணக்கு

அவர் கோபத்தில் நடந்தார் என்பது எல்லாரும் சொல்வது. கோபம் இருந்தது உண்மை. அதற்குள் கணக்கும் இருந்தது.

எல்லைக்கோட்டைத் தாண்டாமல் நின்றது முதலாவது. வெளியேறினால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும். வெளியேறப் போகிறோம் என்று காட்டிவிட்டு நின்றால் பேச வேண்டிய கட்டாயம் மற்றப் பக்கத்துக்கு வரும். இதே அவுஸ்திரேலிய மண்ணில், 1981இல் மெல்பேர்ணில், சுனில் கவாஸ்கர் தனக்குக் கொடுத்த எல்பிடபிள்யூ தீர்ப்பாலும் எதிரணியின் வார்த்தையாலும் கொதித்து, மறுமுனையில் நின்ற சேத்தன் சௌகானையும் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். எல்லையில் அணி முகாமையாளர் துரானி மறித்துச் சௌகானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தப்பியது. அவுஸ்திரேலியா 83 ஓட்டங்களுக்குச் சுருண்டு இந்தியா வென்றது. முகாமையாளர் மறித்திராவிட்டால் அந்த வெற்றி கிடைத்திருக்காது.

2006இல் லண்டன் ஓவலில் மறிக்க ஒருவரும் இருக்கவில்லை. பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று பாகிஸ்தானுக்கு ஐந்து ஓட்டத் தண்டனை. விதித்தவர்களில் ஒருவர் அதே டரல் ஹெயார். தேநீர் இடைவேளைக்குப் பின் இன்சமாம் உல் ஹக்கின் அணி நேரத்துக்கு மைதானம் வரவில்லை. பிறகு வந்தபோது நடுவர்கள் ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டெஸ்ட் வரலாற்றில் அப்படிப் பறிபோன முதல் போட்டி. பின்னர் நடந்த விசாரணையில் சேதப்படுத்திய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. நியாயம் பாகிஸ்தான் பக்கம் நின்றது, போட்டி கையை விட்டுப் போனது. ஆட்டத்துக்கு அவப்பெயர் தேடியதாக இன்சமாமுக்கு நான்கு ஒருநாள் போட்டித் தடையும் கிடைத்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ரணதுங்க கோட்டில் நின்றதன் பெறுமதி தெரிகிறது. கவாஸ்கர் தன் விக்கெட்டுக்காகக் கோபப்பட்டார். இன்சமாம் முழு அணியின் மானத்துக்காக அறைக்குள் இருந்தார். ரணதுங்க தன் பந்துவீச்சாளர் ஒருவருக்காக நடந்து, ஆட்டத்தைக் கைவிடாமல் நின்று, திரும்பி வந்து விளையாடினார்.

ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. எமர்சன் பந்துவீச்சு முனைக்கு வந்தபோது முரளியை அந்த முனையிலிருந்து வீசவைத்தார். ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும்படி நடுவரிடம் வற்புறுத்தினார், நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் காலால் கோடு கீறிக் காட்டினார். அவ்வளவு கிட்ட நின்றால் முழங்கையைப் பார்க்க முடியாது. புத்திசாலித்தனமான நகர்வு, ஆனால் அது தலைவருடைய வேலையல்ல. நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்பது நடுவருடைய முடிவு. இந்த இடத்தில் ரணதுங்க கோட்டைத் தாண்டினார் என்றே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ‘அப்ப அந்தாள் திருப்பியும் நோபோல் குடுத்தா என்ன சேர் செய்யிறது?’ என்று கேட்கிறார்கள். மத்தியஸ்தரிடம் எழுத்தில் கொடு என்றால் முகம் சுருங்குகிறது.

அதன்பின் ஆட்டம் அசிங்கமானது. இங்கிலாந்துத் தலைவர் அலெக் ஸ்டுவர்ட், ஒரு நாட்டின் தலைவருக்கு இது ஏற்ற நடத்தையல்ல என்று ரணதுங்கவிடம் சொன்னது ஸ்டம்ப் ஒலிவாங்கியில் விழுந்தது. ஓட்டம் எடுக்கும்போது ரொஷான் மகாநாமவும் டெரன் கஃபும் மோதிக்கொண்டார்கள். கஃப் தலையால் முட்டுவது போலப் பாவனை செய்தார். இங்கிலாந்து எடுத்தது 3 விக்கெட்டுக்கு 302. கிரேம் ஹிக் ஆட்டமிழக்காமல் 126. பதிலுக்கு, அப்போது இன்னும் பெயர் பெரிதாகாத மகேல ஜயவர்தன 120 அடித்தார். இரண்டு பந்துகள் மீதமிருக்க, ஒரே ஒரு விக்கெட்டால் இலங்கை வென்றது.

பேர்த்தில் நடந்த விசாரணைக்கு ரணதுங்க சட்டத்தரணிகளோடு போனார். போட்டிப் பணத்தில் 75 சதவீதம் அபராதம், ஆறு போட்டிகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட தடை. ஒரு போட்டிகூட அவர் வெளியே இருக்க வேண்டி வரவில்லை. அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் அணி மோசமாகத் தோற்றபின் தலைமை சனத் ஜயசூரியவுக்குப் போனது.

வன்னியில் கேட்டது

அந்த ஜனவரியில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வன்னி ஊடாகப் பாதை திறக்க இராணுவம் நடத்திய ஜயசிக்குறு நடவடிக்கை முடிந்து சில கிழமைதான். ஒட்டுசுட்டான் டிசம்பரில் இராணுவத்திடம் போயிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1995இல் வெளிக்கிட்ட சனமும் வவுனியா வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனமும் ஒரே காட்டுக்குள் கொட்டில் போட்டிருந்தார்கள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவிலிருந்து வயர் இழுத்து மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிற கை களைத்தால் சத்தம் இழுபடும். செய்திக்கென்று சுற்றினார்கள், அதற்குள் விளையாட்டுச் செய்தியும் வந்தது.

இலங்கை அணியை எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் ஆதரித்தார்கள்? மிகக் குறைவு. அந்தச் சட்டையில் இருந்த சிங்கம் எங்களுக்கு என்னவாகத் தெரிந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் முரளி என்றால் காது நீளும். ‘இலங்கை தோக்கவேணும், முரளிக்கு அஞ்சு விக்கெட் விழவேணும்’ என்று ஒரே மூச்சில் சொன்ன அண்ணாக்களை எனக்குத் தெரியும். அதில் அவர்களுக்கு முரண் எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கண்டியில் பிறந்த மலையகத் தமிழன், 1977 கலவரத்தில் குடும்பத்தின் தொழிற்சாலை எரிந்ததைக் கண்ட வீட்டுப் பிள்ளை, உலகத்தையே சுழற்றுகிறான். அவனைப் பார்த்து வெள்ளைக்காரன் ‘எறியிறான்’ என்கிறான். அவனுக்காக விரலை நீட்டிக்கொண்டு போகிறவர் ஒரு சிங்களத் தலைவர்.

இந்தக் கடைசி வரியை அந்த நாளில் எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ‘தன்ர ரீம் வெல்ல வேணுமெண்டுதான்’ என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். முரளி இல்லாமல் அந்த அணிக்குப் பந்துவீச்சு இல்லை என்பது உண்மை. ஆனாலும் 1995இலும் 1999இலும் தனக்கு அபராதமும் அவப்பெயரும் வரும் என்று தெரிந்துகொண்டே அவர் முரளியின் பக்கம் நின்றார். வீசாதே, ஓய்வெடு என்று சொல்லிச் சிக்கலைத் தவிர்த்திருக்க முடியும். அவர் அதைச் செய்யவில்லை. போர் நடந்த காலத்தில், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், இதை இல்லையென்று சொல்ல முடியாது.

கை பேசியது, வாய் பேசியது

இத்தனைக்கும் முரளி அப்போது அதிகம் பேசவில்லை. வீசிக்கொண்டேயிருந்தார். 2004இல் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து, வழமைக்கு எதிர்ப்பக்கம் திரும்புவது, புதிதாகச் சர்ச்சையானது. போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறையிட்டார், மறுபடி பரிசோதனை. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவர் எறிகிறார் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமர் ஒரு விளையாட்டு வீரனின் முழங்கையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்! முரளி அந்த ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை. இங்கிலாந்தில் தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால், கை மடங்க முடியாதபடி உறுதியான பட்டை ஒன்றை முழங்கையில் பூட்டிக்கொண்டு, அதே பந்துகளை வீசிக் காட்டினார். அவர் சொன்ன மிகப் பலமான பதில் அதுதான் என்பேன்.

முடிவை மாற்றியது அளவீடு. 2004 சம்பியன்ஸ் கிண்ணத்தில் பந்துவீச்சாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லாருடைய கையும் ஓரளவு மடங்கி நிமிர்வது தெரியவந்தது. சுத்தமான கை என்று பெயரெடுத்தவர்களும் அதில் அடக்கம். 2005 மார்ச் 1 முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை அனுமதி. முரளியைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவரான மைக்கல் ஹோல்டிங், ஆதாரத்தைப் பார்த்தபின் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். பேசத் தெரிந்தவர்கள் பலர், மாற்றிப் பேசத் தெரிந்தவர்கள் சிலர். ஹோல்டிங்கை நான் அதற்காக மதிக்கிறேன். 2010 ஜூலை 22, காலியில், பிரக்யான் ஓஜாவின் பிடியை மகேல எடுக்க 800ஆவது விக்கெட். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் பந்து.

அதன்பின் முரளி பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சுத்தான் எங்களுக்கு வலித்தது. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் வந்தபோது, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியில் நின்றார்கள். கமரன் கண்டதைச் சொன்னார். அவர் தவறாக வழிநடத்தப்பட்டுவிட்டார், வடக்கு எவ்வளவோ முன்னேறிவிட்டது என்ற பொருளில் முரளி தொலைக்காட்சிக்குச் சொன்னார். அவர் வன்னிக்கு வராதவர் அல்ல. 2012இல் தொடங்கிய முரளி நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகள் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நடந்திருக்கின்றன, எங்கள் பிள்ளைகள் அவற்றில் விளையாடியிருக்கிறார்கள். அதை மறக்கவில்லை. வீதி போட்டது உண்மை, மைதானம் திருத்தியது உண்மை. ஆனால் அந்தத் தாய்மார் வீதி கேட்டு நிற்கவில்லை.

உன் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை என்று நினைக்காதே, உள்ளே இருக்கும் எலும்பைப் பார் என்று உலகத்திடம் பத்தாண்டுக்கு மேல் கேட்டவர் முரளி. அவருக்கு அந்த நியாயம் கிடைக்க ஒரு தலைவர் தன் பெயரைப் பணயம் வைத்தார். எங்கள் தாய்மாருக்காக அவர் விரல் நீட்டியிருக்க வேண்டுமென்றுகூட நான் கேட்கவில்லை. அவர்கள் சொல்வதை ஆராயும்வரை பொறுத்திருக்கலாம். 800 விக்கெட்டுகளில் ஒன்றைக்கூட இதற்காக நான் குறைக்கப் போவதில்லை. அந்தப் பேச்சையும் மறைக்கப் போவதில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்கிறேன்.

எங்கள் மைதானங்களில்

வன்னியில் ‘எறியிறான்’ என்ற சொல் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறது. மென்பந்துப் போட்டிகளில் கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டது. கடினப்பந்துக்கு வரும் பிள்ளையின் மேல் அது விழுந்தால் கதை வேறு. மென்பந்தில் வேகத்துக்காகக் கையை மடக்கிப் பழகியவன் பதினைந்து வயதுப் பிரிவில் பாய் விரித்த ஆடுகளத்துக்கு வருகிறான். எதிரணிப் பக்கமிருந்து கூச்சல் எழும்புகிறது. நடுவர் தயங்குகிறார். இன்றைய விதி 1999ஐவிடத் தெளிவானது. முதல் முறை நோபோலும் எச்சரிக்கையும், மறுபடி நடந்தால் அந்த இன்னிங்ஸில் மேலும் வீச முடியாது. பெரிய போட்டிகளில் அறிக்கை எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ வீசுகிற பிள்ளைக்கு ஆய்வுகூடம் எங்கே? அவனைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அன்றைக்கு மைதானத்தில் நிற்கிற பெரியவர்கள்தான்.

பெரும்பாலும் நடப்பது இது: தலைவனாக நிற்கிற பிள்ளை பயந்து பந்தை அவனிடமிருந்து வாங்கிவிடுகிறான். பயிற்றுநர் ‘வேண்டாம், பிரச்சினை’ என்கிறார். பிள்ளை அடுத்த வருடம் வருவதில்லை. ஒருவரும் அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவில்லை, ஒருவரும் அவனுக்காகப் பேசவுமில்லை.

அதனால் மாவட்டப் போட்டிக்கு முன் நடக்கும் அணித்தலைவர் கூட்டத்தில் நான் கேட்பவை சின்ன விடயங்கள். சந்தேகமான பந்துவீச்சு இருந்தால் நடுவர் போட்டி முடிந்ததும் இரு பயிற்றுநரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இளவயதுப் பிரிவில் முதல் போட்டியிலேயே சத்தமிட்டு நோபோல் கொடுத்துப் பிள்ளையைக் கூட்டத்துக்கு முன் நிறுத்தக் கூடாது. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்துப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்ட வேண்டும். கைப்பேசியால் பாகை அளக்க முடியாது, ஆனால் பிறப்பில் மடங்கிய கைக்கும் வீசும்போது உதறும் கைக்கும் உள்ள வித்தியாசத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பழகிய கண் பிடிக்கும். உதறும் கை என்றால் திருத்த ஒரு பருவகாலம் கொடுக்க வேண்டும்.

தலைவனுக்குச் சொல்வது ஒன்று கூடுதலாக. உன் பந்துவீச்சாளரைப் பற்றி நடுவர் ஏதாவது சொன்னால் முதலில் நீ போ, அவனை விடாதே. கையைக் கீழே வைத்துக்கொண்டு பேசு. கேட்க வேண்டியதைக் கேள். அணியைக் கூட்டிக்கொண்டு நடக்காதே. பிறகு திரும்பி வந்து அவனிடம் பந்தைக் கொடு.